வண்டி ஓடும்போது பேசக் கூடாது

— இருக்குங்க மேடம். ஹெல்மெட் இல்லாமல் நான் எங்கேயும் கிளம்புறதே இல்லை.

— இருக்கு சார், எனக்கும் கண்ணு தெரியுது. பின்னாடி இருக்கிற அம்மா மடியில சொகமா உட்கார்ந்திருக்கு. உங்க தலைக்குத்தான் வரலை. வண்டியை ஓரங்கட்டி, சாவியை எடுத்துட்டு இறங்குங்க.

— இறங்கிட்டேன். அதாவது மேடம், ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திடுறேன். முதலாவது…

— முதலாவது, ரெண்டாவதெல்லாம் வேணாம். ஆஸ்பத்திரிக்குப் போறோம்னு சொல்லப் போறீங்க. அம்புட்டுத்தானே?

— ஆமாம். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காலையில ஏழு மணியில இருந்து இந்த அவனியாபுரம் பைபாஸ்ல நிக்கிறேன் சார். நாப்பத்திரெண்டு பேரைப் பிடிச்சிருக்கேன். நாப்பத்திரெண்டு பேருக்கும் ஆஸ்பத்திரி. இன்னைக்கு முகூர்த்த நாளு, திருப்பரங்குன்றத்துல வரிசையாக் கல்யாணம். தலைக்கு டை அடிச்சு, படிய வாரி, நெத்தியில சந்தனத்தோட ஒருத்தன் வாரான். எங்கப்பான்னு கேட்டா ஆஸ்பத்திரிக்காம், அவசரமாம். சட்டைப் பையில மொய்க் கவரு எட்டிப் பார்க்குது. முகூர்த்த நாள்ல சீவுன தலையை ஹெல்மெட்டுக்குள்ள விடுற ஆம்பளையை இந்த ஊர்ல நான் இன்னும் பார்க்கலை.

— நான் டை அடிக்கிறதில்லை மேடம்.

— அதுவும் தெரியுது. பேரு?

— நல்லகாமன். முதுகலைப் பட்டதாரி ஆசிரியர். வரலாறு. சிம்மக்கல் பக்கம் பள்ளிக்கூடம். அரை நாள் விடுப்பு முறைப்படி எழுதிக் கொடுத்துட்டுத்தான் வந்திருக்கேன்.

— நல்லகாமன்… இருங்க. இந்த "முறைப்படி"யை நான் எங்கேயோ கேட்டிருக்கேன். நீங்க அந்தச் சாலைப் பாதுகாப்பு மன்றத்து சார்தானே?

— பொறுப்பாசிரியர்.

— ஜனவரியில உங்க ஸ்கூலுக்குச் சிறப்பு விருந்தினரா வந்த எஸ்.ஐ. நான்தான் சார். முத்துமீனா. பொன்னாடையெல்லாம் போட்டீங்களே, என்னையத் தெரியலையா?

— மன்னிச்சுக்கணும். அன்னைக்கு நான் மைக்கைப் பார்த்துத்தான் பேசிக்கிட்டிருந்தேன்.

— பேசுனீங்க. அம்பத்தஞ்சு நிமிசம். சிறப்பு விருந்தினருக்கு மிச்சம் வச்சது மூணு நிமிசம். "தலைக்கவசம் என்பது தலைமேல் வைக்கும் ஒழுக்கம்"னு ஆரம்பிச்சீங்க. வெயில்ல ரெண்டு பிள்ளைங்க மயங்கி விழுந்துச்சு.

— ஒண்ணுதான் மேடம் விழுந்துச்சு. இன்னொண்ணு தானாவே உட்கார்ந்துக்கிச்சு.

— அந்த ஒழுக்கத்தை இப்ப அம்மா மடியில வச்சுக்கிட்டு வாரீங்க. நல்லாருக்கு சார். ரொம்ப நல்லாருக்கு. ஏம்மா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா? உங்க தலையிலயும் இல்லை. பின்னாடி உட்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் உண்டுன்னு தெரியும்ல?

— அவளுக்கு டாக்டர் கடிதம் இருக்கு மேடம். கழுத்துல ஆபரேஷன். பட்டை தழும்புல உரசக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. இதோ ஃபைல். அசல் ஒண்ணு, நகல் ரெண்டு.

— நான் அவங்களைக் கேட்டேன் சார்.

— என் மனைவி. பேரு அன்னக்கொடி. வயசு ஐம்பத்தொண்ணு. எங்க ஏரியா சத்துணவு மையத்துல அமைப்பாளர்.

— சார், நான் அவங்களைத்தான் கேட்டேன். அவங்க கிட்டக் கேட்டா நீங்க பதில் சொல்றீங்க. நானும் வண்டியை நிறுத்துனதுல இருந்து பார்க்குறேன், அந்தம்மா தலையை ஆட்டுறதோட சரி. வீட்டுலயும் இப்படித்தானா? அவங்களைக் கொஞ்சம் பேச விடுங்க.

— இல்லை மேடம். அவளைப் பேச விடத்தான் ஹெல்மெட்டைக் கழட்டினேன்.

— புரியலை.

— அவளுக்குக் குரல் இல்லை. அஞ்சு மாசம் ஒன்பது நாள் ஆச்சு.

— அய்யோ. மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாமக் கேட்டுட்டேன். பரவாயில்லைன்னு கையைக் காட்டுறாங்க பாருங்க. பிறவியிலயே…

— பிறவியிலயா? இவளா? மேடம், என் மச்சினன் வீட்டுக் காளை ஒரு பொங்கலுக்கு ஜல்லிக்கட்டுல இறங்குச்சு. நான் வீட்டுல டிவியில பார்த்துக்கிட்டிருந்தேன். கூட்டத்துல காளை தெரியலை, மாடு பிடிக்கிறவங்க தெரியலை, வர்ணனை பண்றவர் என்ன சொல்றார்னே கேட்கலை. இவ சத்தம் மட்டும் தெளிவாக் கேட்டுச்சு. மையத்துல இவ சோத்துக்குக் கூப்பிட்டா அடுத்த தெருப் பிள்ளைங்களும் தட்டைத் தூக்கிக்கிட்டு வரும். அப்பேர்ப்பட்ட தொண்டை. தைராய்டு கட்டின்னு எடுத்தாங்க. கட்டி குரல் நரம்போட ஒட்டிப் போயிருந்துச்சு. எடுத்ததுல நரம்பு சோர்ந்துபோச்சு. டாக்டர் ரொம்ப நல்லவர், ஒளிக்காமச் சொன்னார். ஆறு மாசத்துக்குள்ள தானாவே திரும்பலாம், திரும்பாமலும் போகலாம், அதுவரைக்கும் முக்கிப் பேசக் கூடாது, கிசுகிசுன்னுகூடப் பேச வேணாம், வரும்போது வரட்டும்னார்.

— இவங்க கேட்டாங்களா?

— அதுதான் மேடம் ஆச்சரியம். இவ எந்த விதியையும் மதிச்சவ இல்லை. ரயில்வே கேட் அடைச்சிருந்தா குனிஞ்சு போயிடுவா. ரேஷன் கடை வரிசையில கடைசி ஆளா நிப்பா, நான் பையை மாத்திப் பிடிக்கிறதுக்குள்ள முன்னாடி எவளோ ஒருத்தியோட சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பா, அப்புறம் பார்த்தா சாமானை வாங்கிட்டு வந்து நிப்பா. கேட்டா, அந்தப் பிள்ளைதான் வாங்கன்னு கூப்பிட்டுச்சும்பா. அப்படிப்பட்டவ, இந்த ஒரு விதியை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா. அஞ்சு மாசமா நோட்டுலதான் எழுதுறா. ஏழாவது நோட்டு ஓடுது.

— ஏட்டு ஜுல்பிகர், அந்தப் பக்கம் மூணு பேரு ஒரே வண்டியில வாராய்ங்க, அவய்ங்களை நிறுத்துங்க. ஆஸ்பத்திரின்னா எந்த ஆஸ்பத்திரின்னு கேளுங்க. ம், நீங்க சொல்லுங்க சார். குரல் இல்லைங்கிறீங்க. அதுக்கும் உங்க மண்டைக்கும் என்ன சம்பந்தம்?

— அதுக்கு ஒரு இருபத்தாறு வருஷம் பின்னாடி போகணும் மேடம்.

— வரலாறு வாத்தியார்னு நீங்க சொன்னப்பவே உஷாராகியிருக்கணும். சுருக்கமா.

— சுருக்கமாவே சொல்றேன். கல்யாணமான புதுசுல, எங்க வீட்டுக்கு நான் விதிகள் எழுதினேன். பன்னிரண்டு. என் வகுப்புல கையெழுத்து நல்லா இருந்த பையனை வச்சு சார்ட்டுல எழுதி, லேமினேட் பண்ணி, சமையல்கட்டு வாசல்ல மாட்டினேன்.

— புதுப்பொண்டாட்டிக்கு.

— ஆமாம்.

— அம்மா, நீங்க சிரிக்கிறீங்க. நானா இருந்தா அன்னைக்கே பஸ் ஏறியிருப்பேன்.

— அதுல ஏழாவது விதி, வண்டி ஓடும்போது பேசக் கூடாது. ஓட்டுறவர் கவனம் சிதறும்ல? நியாயமான விதிதான். இவ அதை எப்படிக் கடைப்பிடிச்சான்னா, வண்டி ஓடும்போது பேச மாட்டா. நிக்கும்போது பேசுவா. வண்டி எங்கே நிக்கும்? சிக்னல்ல. நான்தான் எந்தச் சிக்னலையும் தாண்ட மாட்டேனே. விடியக்காலை அஞ்சு மணிக்கு, சிம்மக்கல்ல ஒரு காக்கா குஞ்சு இல்லாத ரோட்டுல, சிவப்பு விழுந்தா நான் நிப்பேன். பின்னாடி ஆட்டோக்காரர் ஹாரன் அடிப்பார். "அண்ணே, சிக்னலே தூங்கிருச்சுண்ணே, நீங்க எதுக்குண்ணே காவலு"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார்.

— அந்த ஆட்டோக்காரர் என்கிட்டயும் பேசியிருப்பாரு.

— சிவப்பு விழுந்ததும் இவ ஆரம்பிப்பா. பக்கத்துல நம்பர் குறைஞ்சுக்கிட்டே வரும்ல, அறுபது, ஐம்பத்தொன்பதுன்னு. அதைப் பார்த்துக்கிட்டே பேசுவா. முடிக்க முடியலைன்னா அப்படியே நிறுத்தி வச்சு, அடுத்த சிக்னல்ல விட்ட வார்த்தையில இருந்து பிடிப்பா. இவ சித்தி மகள் ரோகிணி கல்யாணம் நின்னுபோன கதையை நான் நாலு சிக்னல்ல கேட்டேன். பழங்காநத்தத்துல மாப்பிள்ளை வீட்டார் வந்தாங்க. பெரியார் நிலையத்துல சண்டை போட்டாங்க. சிம்மக்கல்ல தட்டைத் திருப்பிக் கொடுத்தாங்க. ஆக, இருபத்தாறு வருஷமா நாங்க குடும்பம் நடத்தினதே சிக்னல்லதான் மேடம். வீட்டுல எனக்கு விடைத்தாள் இருக்கும், இவளுக்கு அடுப்பு இருக்கும்.

— இதைக் கேட்டா எங்க ட்ராஃபிக் பிரிவு பெருமைப்படும். சரி, விசயத்துக்கு வாங்க.

— ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, பெரியார் நிலையம் சிக்னல். இவ அன்னைக்கு ரொம்ப நேரம் பேசலை. நாப்பது நொடி சும்மா போச்சு. அப்புறம், "ஏங்க, தொண்டையில"ன்னு ஆரம்பிச்சா. பச்சை விழுந்துருச்சு.

— ம்.

— நான் கிளம்பிட்டேன். பின்னாடி பஸ் நிக்குது, கிளம்பித்தானே ஆகணும்? அடுத்த சிக்னல்ல நின்னோம். இவ பேசலை. வீட்டுக்கு வந்து கேட்டேன், தொண்டையில என்னன்னு. ஒண்ணுமில்லை, மறந்துபோச்சுன்னா. நானும் சளி பிடிச்சிருக்கும்னு மிளகுப் பால் போடச் சொல்லிட்டு விடைத்தாள் திருத்தப் போயிட்டேன். விரல் நுனியளவு கட்டி மேடம் அன்னைக்கு. பதினோரு மாசம் கழிச்சு, வெளியில தெரிஞ்ச பிறகுதான் டாக்டர்கிட்டப் போனோம். அதுக்கப்புறம் மருந்து, மாத்திரை, இன்னொரு டாக்டர்னு நாள் ஓடிப்போச்சு. ஆபரேஷன் பண்ணினவர் சொன்னார், ஆரம்பத்துலயே வந்திருந்தா நரம்புல ஒட்டியிருக்காதுன்னு. யாரையும் குத்தம் சொல்ற மாதிரி சொல்லலை. பாடம் நடத்துற மாதிரி சொன்னார்.

— சார், தண்ணி குடிங்க. ஜுல்பிகர், அந்தப் பாட்டிலை இங்க குடுங்க.

— வேணாம் மேடம், இருக்கு. இவ பையில வச்சிருக்கா. எடுத்துட்டா பாருங்க. நான் எப்போ தண்ணி கேட்பேன்னு எனக்கு முன்னாடியே இவளுக்குத் தெரியும்.

— அந்தம்மா உங்களைத் திட்டலையா?

— நோட்டுல எழுதித் திட்டுறதுல இவளுக்கு விருப்பம் இல்லை. அந்தச் சார்ட்டை நானே கழட்டினேன். அது தொங்கின ஆணி மட்டும் இருக்கு. இவ அதுல நாள்காட்டியை மாட்டிட்டா.

— இப்பவும் ஹெல்மெட்டுக்கு வரலையே சார் நீங்க.

— வந்துட்டேன். மூணு வாரம் முந்தி, ஒரு செவ்வாய்க்கிழமை. ரெண்டு பேரும் தொண்டைக்கான மூச்சுப் பயிற்சிக்குப் போயிட்டு வாரோம். நான் ஹெல்மெட் போட்டிருந்தேன், முறைப்படி பட்டையும் மாட்டியிருந்தேன். ரிங் ரோட்டுல வரும்போது தோள்ல தட்டினா. ஓரமா நிறுத்தினேன். நோட்டை எடுத்து எழுதினா. என்ன எழுதினான்னா… அன்னம், அந்த நோட்டைக் கொடு. மேடம் நேராப் பார்க்கட்டும்.

— "ஏங்கன்னு கூப்பிட்டேன். சத்தம் வந்துச்சு. நீங்க திரும்பலை."

— அதுதான். காது வரைக்கும் மூடியிருக்கு, காத்து வேற. எனக்குக் கேட்கலை. மறுபடி கூப்பிடச் சொல்லி அந்த ரோட்டோரமே இருபது நிமிஷம் நின்னோம். வரலை. வீட்டுக்கு வந்தும் வரலை. கண்ணாடி முன்னாடி நின்னு பார்த்தா, வரலை. அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் வரலை. நாலரை மாசத்துல ஒரு வார்த்தை. அதையும் நான் ஒழுக்கத்தைத் தலையில மாட்டிக்கிட்டுத் தவற விட்டுட்டேன்.

— சார்…

— மறுநாள்ல இருந்து இவ பின்னாடி உட்கார்ந்தா மட்டும் நான் ஹெல்மெட் போடுறதில்லை. தனியாப் போனா போடுவேன். இவ வேணாம்னு தலையாட்டுறா, எடுத்து நீட்டுறா, நான்தான் மடியில வச்சுக்கச் சொல்லிட்டேன். இன்னைக்குப் பத்தரைக்கு டாக்டர். மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்ப்பாங்க. நரம்பு அசையலைன்னா இதுக்கு மேல காத்திருக்கிறதுல அர்த்தமில்லை, வேற ஏதாவது செய்யலாம்னு சொல்லியிருக்காங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துடாதான்னு ஒரு ஆசை. இருபது கிலோமீட்டர் வேகத்துலதான் வாரேன். வழியில ஒரு மாட்டு வண்டி எங்களை முந்திப் போச்சு.

— ஆட்டோவுல போகலாமே சார். தலைக்கும் பாதுகாப்பு, காதும் திறந்திருக்கும்.

— பார்த்தோம். ஆட்டோ போடுற சத்தத்துல டிரைவர் பேசுறதே கேட்கலை. அதோட, இவளுக்கு வண்டியில என் பின்னாடி உட்கார்ந்தாத்தான் பேச்சு வரும். பழக்கம் அப்படி ஆகிப்போச்சு.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா, கோவிச்சுக்க மாட்டீங்களே? இந்த பைபாஸ்ல இந்த வருசத்துல மட்டும் நாலு பேரை நானே தூக்கி ஏத்தியிருக்கேன். அதுல ஒருத்தர் இருபது கிலோமீட்டர் வேகத்துல வந்தவருதான். நாய் குறுக்க வந்துச்சு. நீங்க விழுந்துட்டீங்கன்னா, இந்தம்மாவுக்குக் குரல் வந்து யாரைக் கூப்பிடுறது?

— நீங்க சொல்றது சரிதான் மேடம். என்னோட உரையில பன்னிரண்டாவது பக்கத்துல அதையேதான் நானும் சொல்லியிருந்தேன். இப்போ நீங்க சொன்ன அளவுக்கு நல்லா இல்லை.

— அந்தப் பக்கம் வர்றதுக்குள்ள நான் தூங்கிட்டேன் சார். சரி, போங்க. டாக்டருக்கு நேரமாகுது. ஹெல்மெட்டை இங்க இருந்தாவது மாட்டிக்கிட்டுப் போங்க, போதும். நான் உங்களைப் பார்க்கலை.

— இல்லை மேடம்.

— என்ன இல்லை?

— அபராதம் போடுங்க. ரசீது வேணும்.

— சார், காலையில இருந்து நாப்பத்திரெண்டு பேரு விட்டுருங்க மேடம், விட்டுருங்க மேடம்னு கெஞ்சுனாய்ங்க. விடலை. உங்களை விடுறேங்கிறேன், பிடிங்கங்கிறீங்க. உங்களுக்கு என்னதான் சார் பிரச்சினை?

— அந்த நாப்பத்திரெண்டு பேருதான் பிரச்சினை. அதுல யாராவது ஒருத்தர் உண்மையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்ல? அவருக்கு ரசீது கொடுத்துட்டு எனக்குக் கொடுக்கலைன்னா, நான் கதை நல்லாச் சொல்றேங்கிறதுக்குத்தானே விடுறீங்க?

— அடேயப்பா.

— ரொம்ப நாளா இதைத்தான் யோசிக்கிறேன் மேடம். இருபத்தெட்டு வருஷமாப் பள்ளிக்கூடத்து கேட்டுல காலையில நான்தான் நிப்பேன். ஒன்பது பத்துக்குச் சாத்துவேன். ஃபர்ஹான்னு பத்தாம் வகுப்புப் பிள்ளை, தினமும் ஆறு நிமிஷம் தாமதம். வருஷம் பூரா வெளியில நிறுத்தியிருக்கேன். ஒருநாளும் ஏன்னு கேட்டதில்லை. காரணம் கேட்டா விதி நீர்த்துப்போயிடும்னு ஒரு எண்ணம். நான் ஹெல்மெட்டைக் கழட்டின வாரம்தான் முதல் தடவையா அந்தப் பிள்ளைகிட்ட ஏம்பான்னு கேட்டேன். டவுன் பஸ் அந்தப் பிள்ளை ஏறுற ஸ்டாப்புல நிக்கிறதில்லையாம். இலவச பாஸ் பிள்ளைங்க கூட்டமா நின்னா, ஓட்டுநர் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்துவாராம். இதுங்க புத்தகப் பையோட பின்னாடியே ஓடணும். ஓடி ஏறின பிள்ளைங்க நேரத்துக்கு வந்துருது. இந்தப் பிள்ளைக்கு மூச்சிரைப்பு, ஓட முடியாது, அடுத்த பஸ். விதியை மீறினது ஒருத்தர். வெயில்ல நின்னது இந்தப் பிள்ளை. நிறுத்தினது நான்.

— இப்ப என்ன செய்றீங்க?

— ஒன்பது பதினாறுக்குச் சாத்துறேன். தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கேட்டார், கடிகாரம் ரிப்பேரான்னு. ஆமாம் சார், ரொம்ப வருஷமா ரிப்பேர், இப்போதான் சரியாச்சுன்னேன். அவர் சுற்றறிக்கை விடுறதுல என்னைவிட மூத்தவர். எனக்கு ஒரு சுற்றறிக்கை விட்டார்.

— இதுவரைக்கும் நீங்க பேசுனதுலயே இதுதான் சார் எனக்குப் பிடிச்சது. ஸ்கூல்ல இதைப் பேசியிருந்தா மூணு நிமிசத்துல முடிஞ்சிருக்கும், ஒரு பிள்ளையும் விழுந்திருக்காது. போங்க சார். அம்மா உட்கார்ந்திருக்காங்க, வெயில் ஏறுது.

— ரசீது.

— சார், போதும் சார்.

— இல்லை மேடம், நீங்க புரிஞ்சுக்கணும். விதியை மீறுறது தப்பா, சரியாங்கிறது ஒரு கேள்வி. மீறினா அதுக்குண்டானதை ஏத்துக்கணுமாங்கிறது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை தெரியலை. இருபத்தாறு வருஷமா நான் சிவப்புல நின்னது ஒழுக்கத்துக்கு மட்டுமா? பாதி பெருமை மேடம். எவனும் நிக்கலை, நான் நிக்கிறேன்கிற பெருமை. அந்தப் பெருமையில, பின்னாடி உட்கார்ந்திருந்தவ ஏன் நாப்பது நொடி பேசாம இருந்தான்னு நான் திரும்பிப் பார்க்கலை. ஆக, தண்டனை என்பது…

— சார்.

— இருங்க, முடிச்சுடுறேன். தண்டனை என்பது அரசாங்கத்துக்குக் கட்டுற காசு மட்டும் இல்லை. நான் மீறினேன், தெரிஞ்சு மீறினேன், இன்னாருக்காக மீறினேன்னு ஒத்துக்கிட்டு வாங்குற சான்றிதழ் அது. அந்த ரசீதை நான் சட்டம் போட்டு, அந்த ஆணியிலேயே…

— சார், ஒரு நிமிசம் சார்.

— ஒரே நிமிஷம்தான் மேடம், வந்துட்டேன். இவளுக்காக நான் எதையும் மீறினதே இல்லை. பிரசவத்துக்கு இவளை அழைச்சுக்கிட்டுப் போனப்போகூட சிக்னல்ல நின்னவன். அன்னைக்கு இவ வலியில என் சட்டையைப் பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு, பின்காலர் கிழிஞ்சுபோச்சு, அப்போகூட பச்சை விழட்டும்னுதான் சொன்னேன். அப்படிப்பட்டவன் முதல் தடவையா ஒண்ணை மீறியிருக்கேன். அதுக்கு அத்தாட்சி வேணாமா? நீங்க பாட்டுக்குப் பார்க்கலை, போங்கன்னா, நான் மீறினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். ஆகவே நான் உங்களைப் பணிவோட கேட்டுக்கிறது என்னன்னா…

— சார், வாயைக் கொஞ்சம் மூடுங்க சார்.

— மேடம்?

— கண்ணைத் துடைச்சுக்கிட்டுப் பின்னாடி திரும்புங்க. அம்மா பேசுறாங்க.

— என்னது?

— அந்த "தண்டனை என்பது"ல ஒரு தடவை பேசுனாங்க. பிரசவத்துக்கு நீங்க சிக்னல்ல நின்னீங்கள்ல, அங்கன ஒரு தடவை. நானும் சார், சார்னு கூப்பிட்டுப் பார்க்குறேன், நீங்க நிறுத்துனாத்தானே. கரகரன்னுதான் இருக்கு, ஆனா சத்தம்தான் சார், வெறும் காத்து இல்லை. ஜுல்பிகர், நீங்களும் கேட்டீங்கள்ல?

— கேட்டேன் மேடம். அந்த லாரி ஓரத்துல நின்னேன், அங்க வரைக்கும் கேட்டுச்சு.

— அன்னம்… என்ன… மேடம், என்ன சொன்னா? என்ன சொன்னா இவ?

— "அந்த ரசீதைக் குடுத்துரு தாயி, இல்லைன்னா இந்த மனுசன் நிறுத்த மாட்டாரு"ன்னாங்க.